என் போனில் ஆறு பேர்

14 ஜனவரி, ஞாயிறு

தலைநகர் மாலேயிலிருந்து வந்த படகில் தடுப்பூசிப் பெட்டி வந்தது. கூடவே நாங்கள் கேட்காத இன்னொரு பெட்டியும், அதை விளக்கிச் சொல்ல ஒரு பெண்ணும் வந்து இறங்கினார்கள். என் நரைத்த தலையைப் பார்த்ததும் "தத்தா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எங்கள் மொழியில் அது அக்கா; அந்த அளவில் நிறுத்திக்கொண்டாளே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. சென்சார் என்கிறார்கள். நோயாளியின் மேற்கையில் ஒட்டிவிட்டால் தோலுக்கு அடியிலிருந்து சர்க்கரையை அளந்து அவர் போனுக்குச் சொல்லும். அவர் போன் எங்கள் போனுக்குச் சொல்லும். எங்கள் போன் எங்கள் தீவுக்கூட்டத்தின் தலைத்தீவு மருத்துவமனைக்குச் சொல்லும். சொல்வதெல்லாம் சரி. கேட்டவர் என்ன செய்வது? அதைப் பற்றிய பாடம் மதியச் சாப்பாட்டோடு முடிந்துபோனது.

கடைசியில் ஒரு கேள்வித்தாள். தொலைவிலிருந்து நோயாளிகளைக் கவனிக்க நீங்கள் எந்த அளவுக்குத் தயார்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சுற்றவும். எங்கள் சுகாதார நிலையத்தில் என்னோடு இருக்கும் இன்னொரு நர்ஸ் யும்னா, பேனா மூடியைத் திறந்த வேகத்தில் ஐந்தைச் சுற்றிவிட்டாள். டாக்டர் பௌடேல் நேபாளத்துக்காரர், எதிலும் நிதானம். யோசித்து யோசித்து மூன்றரை என்று எழுதினார். நான் எண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்: "நான் தூங்கும்போது யார் பார்ப்பது?"

"தத்தா, இது கேள்வி. நீங்க பதில்தான் எழுதணும்" என்றாள் அந்தப் பெண்.

எனக்கென்னவோ கேள்வியே போதும் என்று பட்டது.

15 ஜனவரி, திங்கள்

போனில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்றேன். யும்னா பெரிதாக்கிக் கொடுத்தாள். இப்போது ஒரு திரைக்கு ஒரு வார்த்தைதான் தெரிகிறது.

17 ஜனவரி, புதன்

டாக்டர் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாத சர்க்கரைச் சராசரி பத்துக்கு மேல் போனவர்கள். தீவை நடுவில் இரண்டாகப் பிரித்து, மேற்குப் பக்கம் யும்னாவுக்கு, துறைமுகப் பக்கம் எனக்கு. "ஆனா எச்சரிக்கை மணி ரெண்டு பேர் போன்லயும் அடிக்கும். காலைல தத்தா பாக்கட்டும், சாயங்காலம் யும்னா" என்றார்.

துறைமுகப் பக்கம் முதல் பெயர்: அப்துல் ஷகூர், தோணித் தலைவர்.

நான் தலையை ஆட்டினேன். அவரை இரண்டு முறை நிக்காஹ் செய்து இரண்டு முறை தலாக் ஆனவள் நான் என்று சொல்லியிருக்கலாம். இந்தத் தீவில் அது தெரியாத ஒரே ஆள் டாக்டர்தான். சொல்லியிருந்தால் யும்னாவுக்கு மாற்றியிருப்பார். ஏன் சொல்லவில்லை? தினமும் துறைமுகத்தில் ஷகூரை எதிரே பார்க்கிறேன், மீன் எப்படி என்று கேட்கிறேன், அவர் நீ எப்படி என்கிறார். ஊர் சிறியது, கோபத்தை வைத்துக்கொள்ள இங்கே இடம் கிடையாது. வேறு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் ஒட்டினேன். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூறு கிலோ சூரை மீனைத் தூக்கிப் போடுகிற மனுஷனுக்கு ஊசி என்றால் இன்னும் அதே பயம்.

"இதுல நான் பேசுறதெல்லாம் கேக்குமா?"

"சர்க்கரை மட்டும்தான்."

"அப்ப பரவால்ல. யாரு பாப்பாங்க?"

"நான்தான்."

ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். "சரி. புதுசா யாரும் இல்லையே" என்றார்.

23 ஜனவரி, செவ்வாய்

விடியற்காலைத் தொழுகையை முடித்து எழுந்திருக்கிறேன், போன் அலறுகிறது. ஹவ்வா ஸித்தி, சர்க்கரை 49. கீழே சிவப்பு எழுத்து.

ஸித்தி தனியாக இருக்கிறவள். இன்சுலின் போடுகிறவள். 49 என்றால் பேச்சுக் குழறும், நினைவு தப்பும். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. காலம் தப்பிய மழை வேறு. குடையைத் தேடாமல் குளுக்கோஸ் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. சன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்து உள்ளே பாய்ந்தால், அவள் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாள்.

"என்னடி ஸக்கியா, நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?"

விரலில் குத்திப் பார்த்தேன். 112.

யும்னாவிடம் கேட்டதில், சென்சார் இருக்கிற கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் அப்படித்தான் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். அந்தப் பயிற்சிப் பெண் அதையும் சொன்னாளாம். நான் அப்போது எறும்பு எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஸித்தி என்னை விடவில்லை. ரொஷி ரொட்டி சுட்டு, மீனும் தேங்காயும் சேர்த்து மஸ்ஹுனி பிசைந்து, "நனைஞ்சு வந்த, சாப்பிட்டுப் போ" என்று உட்கார வைத்தாள். தானும் சாப்பிட்டாள். என் மடியில் இருந்த போனில் அவள் சர்க்கரைக் கோடு மெல்ல ஏறுவதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். "அட, இது நான் இப்ப மென்னதா? இந்த ஊர்ல என்மேல மட்டும்தான் யாரும் கண்ணு வெக்கல, இப்ப அதுக்கும் ஆள் வந்தாச்சு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத்துணியோடு வேலைக்குப் போனேன். இதற்குத்தானா இந்த வேலை? நாளைக்கு நிஜமாகவே 49 வந்தால், கைமேல் படுத்திருப்பாள் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்துவிட்டால்?

1 பிப்ரவரி, வியாழன்

ஷகூரின் கோடு தினமும் சாயங்காலம் நாலரைக்கு மலை மாதிரி ஏறுகிறது. காரணத்தைப் போன் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்து டீக்கடை, டின் பால் ஊற்றிய டீ, பஜியா, பிறகு பேச்சு சுவாரசியத்தில் இன்னொரு டீ.

இன்று வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன். "நேத்து மூணு பஜியாவா, நாலா?" என்று கேட்டுவிட்டேன். சுற்றிலும் ஆட்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஷகூர் சிரிக்கவில்லை.

4 பிப்ரவரி, ஞாயிறு

வெள்ளிக்கிழமையிலிருந்து ஷகூரின் கோடு இல்லை. சென்சார் பழுது என்று யும்னா சொன்னாள். பழுது இல்லை என்று எனக்குத் தெரியும்.

போனேன். மேசைமேல் பிய்த்து வைத்திருந்தார், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில்.

"ஸக்கி, கடல்ல நான் எங்க இருக்கேன்னு எவனுக்கும் தெரியாது. அதனாலதான் அந்தத் தொழில். கரைக்கு வந்தா நாலரை மணிக்கு நான் என்ன வாயில போட்டேன்னு உனக்குத் தெரியுது. அதை நீ கூட்டத்துல வெச்சுக் கேக்குற."

"தப்புதான். கூட்டத்துல கேட்டிருக்கக் கூடாது."

"கூட்டம் மட்டுமில்ல. நீ என்னைப் பாக்க வரதே இல்ல இப்பல்லாம். முன்னாடி பத்து நாளைக்கு ஒரு தடவை பி.பி. பாக்கறேன்னாவது வருவ, உக்காருவ, கால்ல புண்ணு இருக்கான்னு பாப்ப. இப்ப அங்கேருந்தே பாத்துக்கிற. என்னைக் கேளு ஸக்கி. கேக்காமப் பாக்காத."

கீழே உட்கார்ந்தேன். பாதத்தைப் பார்த்தேன். வலது குதிகாலில் வெடிப்பு. மருந்து போட்டேன். புது சென்சாரைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது அவரே சட்டைக் கையைச் சுருட்டினார்.

"ஒட்டு. ஆனா வாரம் ஒரு தடவை நேர்ல வரணும். அதான் கணக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஒரு நோயாளி என்னிடம் இப்படி நியாயம் பேசியது இல்லை. நோயாளியா பேசினார்? சரி, விடு.

15 பிப்ரவரி, வியாழன்

எழுதி வைக்க வேண்டியது. ஹவ்வா ஸித்திக்கு இன்சுலின் போட்ட பிறகும் சர்க்கரை இறங்கவேயில்லை. ஒரு வாரமாகக் கோடு அப்படியே கூரையில் நிற்கிறது. டாக்டர் அளவைக் கூட்டலாம் என்றார். எனக்கு என்னவோ மனசு கேட்காமல் நேரில் போய், "எங்க போடுற, காட்டு" என்றேன். வயிற்றில் ஒரே இடத்தில். தடவிப் பார்த்தால் எலுமிச்சங்காய் மாதிரி கட்டி. அங்கே போட்ட மருந்து அங்கேயே தங்கிவிடுகிறது. "அங்கதான் வலிக்காது" என்கிறாள். இடத்தை மாற்றினோம். அளவைக் கூட்டவில்லை. இன்று 160-க்கு வந்துவிட்டது.

டாக்டர் சந்தோஷத்தில் ஸித்தியை வணங்கி, சுல்தான்களிடம் பேசும் மரியாதைச் சொல்லில் நலம் விசாரித்தார். அவருக்கு எங்கள் திவேஹி மொழியில் அந்த ஒரு மரியாதைதான் தெரியும். மீன் இறக்கும் பையன்களிடமும் அப்படித்தான் பேசுவார். ஸித்தி உட்கார்ந்த இடத்திலேயே அரசியாகிவிட்டாள்.

கோடு இல்லாவிட்டால் அடுத்த மாதம்தான் தெரிந்திருக்கும். கை வைக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. முதல்முறையாக அந்தப் போன்மேல் கொஞ்சம் பாசம் வந்தது. துடைத்து வைத்தேன்.

27 பிப்ரவரி, செவ்வாய்

யும்னா கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. கேட்டால், "ஒண்ணுமில்ல தத்தா" என்கிறாள்.

12 மார்ச், செவ்வாய்

முதல் நோன்பு.

ஆறு பேரில் நான்கு பேருக்கு டாக்டர் நோன்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்டார்கள். ஹவ்வா ஸித்தி அழுதுகொண்டே கேட்டாள். ஷகூர் கேட்கவில்லை.

"கடலுக்குப் போறவன் நோன்பை விட்டா கடல் என்ன நினைக்கும்?"

"கடல் ஒண்ணும் நினைக்காது. போகாதீங்களேன் இந்த மாசம்."

"சூரை இப்பதான் வந்திருக்கு. தோணியில பன்னிரண்டு வீட்டுக்காரங்க இருக்காங்க."

டாக்டர் மாத்திரையை மாற்றி, நேரத்தை மாற்றி, எழுபதுக்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினார். ஷகூர் சத்தியம் செய்தார். எனக்கு அவர் சத்தியங்கள் தெரியும்.

19 மார்ச், செவ்வாய்

எழுதினால் தூக்கம் வரும் என்று எழுதுகிறேன்.

நோன்பு காலம், மதியத்தோடு வேலை முடிந்துவிட்டது. சாயங்காலம் யும்னா பார்க்கும் நேரம். என் போன் சமையலறையில் அரிசி டப்பாமேல் இருந்தது. நான் நோன்பு திறக்க மீன் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஷகூர், 78, அம்புக்குறி கீழ்நோக்கி. யும்னா பார்ப்பாள் என்று இரண்டு உருண்டை பிடித்தேன். 71. அம்புக்குறி இரண்டாகியிருந்தது. அதற்குப் பிறகு கோடு நின்றுவிட்டது.

குறையவில்லை, ஏறவில்லை. நின்றுவிட்டது. தோணி சிக்னலைத் தாண்டிப் போய்விட்டது.

ஷகூரைக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. யும்னாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அய்யோ, எடேன்டி!

மாவுக் கையோடு துறைமுகத்துக்கு ஓடினேன். ஊருக்கே அண்ணனான ஆதம்பேயின் ஐஸ் கொட்டகையில் வயர்லெஸ் உண்டு. அவர் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டு ஷகூரின் தோணியைக் கூப்பிட்டார். நல்லவேளை, அங்கே இப்ராஹிம் எடுத்தான்.

"கேக்குது ஆதம்பே. மீன் கொட்டுது. அப்புறம் பேசுறேன்."

நான் பிடுங்கிக்கொண்டேன். "மீனை விடு. ஷகூர் எப்படி இருக்கார்?"

"நல்லாத்தான்... கோவமா இருக்கார் தத்தா. காரணமே இல்லாம எல்லாரையும் திட்டுறார். வேர்த்துக் கொட்டுது. நோன்புக் கோவம்."

"அது கோவமில்லடா, சர்க்கரை! அவரைக் கூப்பிடு. பக்கத்துலயே நில்லு, விளிம்புக்குப் போக விடாத."

ஷகூரின் குரல் வந்தது. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. "யாரு... ஸக்கியா? உனக்கு வேலையில்ல? பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்."

"இப்பவே குடிக்கணும். நோன்பு திறக்க சர்பத் வெச்சிருப்பீங்கல்ல, அதைக் குடிங்க."

"இன்னும் ஒரு மணி நேரம்தான்."

"நோயாளிக்கு அல்லாவே சலுகை கொடுத்திருக்கான். விட்ட நோன்பை அடுத்த மாசம் வெச்சுக்கலாம். உயிரை அடுத்த மாசம் வெச்சுக்க முடியாது."

"ஸக்கி, எல்லாரும் கேக்குறாங்கடி."

ஆமாம், அந்த அலைவரிசையில் எத்தனை தோணி இருக்கிறதோ அத்தனையும் கேட்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்! நீங்க பாட்டுக்குத் தண்ணில விழுந்துட்டா நான் தினம் காலைல எந்திரிச்சு யாரைப் பாக்குறது? அந்தப் போனைப் பாத்துக்கிட்டு உக்காரவா? குடிங்க. என் பேச்சை ஒரு தடவை கேளுங்க. இந்த ஒரே ஒரு தடவை."

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும். ஆதம்பே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எந்தத் தோணியிலிருந்தோ, எனக்குத் தெரியாத ஒரு குரல் வந்தது:

"ஷகூர்பே, குடிச்சிருங்க. கேக்குற எங்களுக்கே கை ஓடல."

இன்னொரு குரல்: "ஆமா, குடிச்சிட்டுச் சொல்லுங்க. அப்பதான் நாங்க தூண்டிலைப் போடுவோம்."

பிறகு இப்ராஹிம் வந்தான். "குடிக்கிறார் தத்தா. குடிச்சிட்டார். அழுறார் தத்தா." பின்னாலிருந்து, "எவன்டா அழுறான்" என்று ஷகூர் திட்டுவது கேட்டது. அந்தத் திட்டு தெளிவாக இருந்தது. அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

தோணி கரையை நெருங்கும்போது கோடு திரும்பி வந்தது. 126. இடையில் விட்டுப்போனதையும் சென்சார் நினைவில் வைத்திருந்து வரைந்தது. 52 வரை போயிருக்கிறது.

52.

20 மார்ச், புதன்

ஊர் முழுக்க எனக்கு வழி விடுகிறது. கடைக்காரர், "தத்தா, எனக்கும் கொஞ்சம் சர்க்கரை இருக்கு, வயர்லெஸ்ல ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்கிறார். ஹவ்வா ஸித்தி வழியில் நிறுத்தி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மாலேயிலிருந்து என் மகள் லைஷா கூப்பிட்டாள். "அம்மா, ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்பா எப்படி இருக்கார்? நீங்க எப்படி இருக்கீங்க?" இரண்டாவது கேள்விக்குத்தான் தடுமாறினேன்.

யும்னாவிடம் கோபமாகப் போனேன். என்ன சொல்வதென்று தயார் செய்துகொண்டு போனேன். அவள் மருந்தறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே உடைந்துவிட்டாள்.

"சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தேன் தத்தா. ஞாயித்துக்கிழமையிலேருந்து. பிள்ளை இப்பதான் கண்ணை மூடும், அது அலறும். போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது. மறுபடி அலறும். பால் கொடுக்கும்போதுகூட நெஞ்சு பதறுது. பாலே சுரக்க மாட்டேங்குது. நான்தான் முதல்ல அஞ்சைச் சுத்தினேன்... எப்படிப் போய் முடியலன்னு சொல்றது?"

நான் தயார் செய்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன். ஏப்பம் விட்டது.

இவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஷகூர் விழுந்திருந்தால்? அப்போதும் பழி இவள்மேல்தான் விழுந்திருக்கும், ஓர் இருபத்தாறு வயதுப் பெண்மேல். எழுதிக் கேட்டேனே, யார் பார்ப்பது என்று.

டாக்டர் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, "தப்பு என்னுது. எல்லாருக்கும் ஒரே எல்லை வெச்சேன். தேவையில்லாம அடிக்குது. ஆளுக்குத் தகுந்த மாதிரி இன்னிக்கே மாத்துறேன்" என்றார். பிறகு தயங்கி என்னிடம், "அந்தத் தோணித் தலைவர்... உங்க கணவரா?" என்று கேட்டார்.

"இருந்தார் டாக்டர். ரெண்டு தடவை."

அவர் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு கணக்கை விட்டுவிட்டு டீ போட எழுந்தார். நாங்கள் நோன்பு என்பது நினைவு வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

25 மார்ச், திங்கள்

தலைத்தீவு அதிகாரியோடு வீடியோவில் பேச்சு. நாங்கள் மூவரும் ஒரே திரையில் நெருக்கி உட்கார்ந்தோம். அவருக்கு மீன்பிடித் தோணிக் கதை பிடித்துவிட்டது. அதை மாலேக்கு எழுதி அனுப்பப்போவதாகச் சொன்னார். "பாருங்க, ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு!"

"காப்பாத்துனது அதிர்ஷ்டம் சார்" என்றேன். "அன்னிக்கு நான் கடைக்குப் போயிருந்தா இப்ப வேற பேச்சு பேசிட்டிருப்போம்."

"ஆரம்பத்துலேருந்தே உங்களுக்கு இதுல விருப்பம் இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா, அப்ப இல்ல. இப்ப இருக்கு. அதனாலதான் கேக்குறேன். உங்க ஆஸ்பத்திரில ராத்திரியும் ரெண்டு நர்ஸ் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. சாயங்காலத்துக்கு மேல இந்த ஆறு பேரையும் அவங்க பாக்கட்டும். அவசரம்னா எங்களைக் கூப்பிடட்டும், ஓடுறோம். பாக்குறது ஒருத்தர், ஓடுறது ஒருத்தர்னு இருக்கணும். இல்லேன்னா இந்தப் போனைத் திருப்பி அனுப்பிடுறேன்."

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. வயர்லெஸ் பழக்கம் போலிருக்கிறது. யும்னா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலமும் ராத்திரியும் அவர்கள் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள். எங்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பற்றி யோசித்துச் சொல்கிறார்களாம். யோசிக்கட்டும். டாக்டர் வெள்ளிக்கிழமையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

10 ஏப்ரல், புதன்

பெருநாள்.

தொழுகை முடிந்து ஷகூர் வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய சூரைத் துண்டு. லைஷா மாலேயிலிருந்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இல்லை.

"அன்னிக்கப்புறம் ஒரு நாளும் நோன்பு வெக்கல" என்றார்.

"தெரியும்."

"தெரியும்னு தெரியும். நானாச் சொல்லணும்னு வந்தேன்."

ஊஞ்சலில் அவர் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம். கால் வெடிப்பு ஆறியிருந்தது. காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்திவிட்டு, "ஸக்கி, நமக்கு ஒண்ணுதான் மிச்சம் இருக்கு" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. மூன்றாவது. அந்த நிக்காஹும் முறிந்தால் மார்க்கப்படி பிறகு திரும்ப வழி கிடையாது. முதலாவது சின்னவயசுக் கோபத்தில் போனது. இரண்டாவது, லைஷாவின் படிப்புக்காக நான் மாலேக்குப் போக, அவர் கடலை விட்டு வரமாட்டேன் என்று நின்றதில் போனது. இப்போது எதில் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததுதான் பயமாக இருக்கிறது.

"அதைப் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றேன்.

"நானும்தான்."

2 மே, வியாழன்

மேற்குப் பக்கத்துப் பெரியவர் ஹஸன்ஃபுளு சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என்னை அல்லா பாத்தா போதும்." யும்னாவுக்கு வருத்தம். நான் வாரம் ஒருமுறை நடந்து போய் விரலில் குத்திப் பார்த்து வருகிறேன். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒருவருக்கு இடம் இருக்க வேண்டும். ஆனால் என் போனில் ஐந்து பேராகிவிட்டது ஏனோ உறுத்துகிறது.

19 மே, ஞாயிறு

பக்கத்துத் தீவிலிருந்து மூன்று நர்ஸ்கள் எங்களிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கும் பெட்டி வரப்போகிறதாம். யும்னாதான் சொல்லிக் கொடுத்தாள். எதை எப்படி ஒட்டுவது என்பதோடு, எப்போது சத்தத்தை அணைக்கலாம், அணைத்தால் யாரிடம் சொல்லிவிட்டு அணைக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். "நான் சொல்லாம அணைச்சேன்" என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னாள். அவர்களில் ஒருத்தி, வயசில் என்னைவிட மூத்தவள், கடைசிவரை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது என்னிடம் மெதுவாக, "நிஜமாச் சொல்லு, இது நம்ம வேலையைக் குறைக்குமா?" என்று கேட்டாள்.

"குறைக்காது. ஆனா சில நாள் நம்மள நோயாளிகிட்ட நேரத்துக்குக் கொண்டுபோய் விடும்" என்றேன்.

அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. பரவாயில்லை.

3 ஜூன், திங்கள்

டாக்டரிடம், ஷகூரின் பெயரை என் போனிலிருந்து எடுத்து யும்னாவுக்கு மாற்றிவிடச் சொன்னேன்.

"ஏன், நல்லாத்தானே போகுது? சராசரி எட்டுக்கு வந்திருக்கு."

"சொந்தக்காரரை நானே பாக்குறது சரியில்ல டாக்டர். மனசு ஒரு பக்கம் சாயும்."

"எப்பலேருந்து சொந்தக்காரர்?"

"வர்ற வியாழக்கிழமையிலேருந்து."

டாக்டர் எழுந்து நின்று, அந்த சுல்தான் மரியாதைச் சொல்லில் எனக்கு வாழ்த்துச் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அது பொருத்தமாகத்தான் இருந்தது.

7 ஜூன், வெள்ளி

நேற்று நிக்காஹ் முடிந்தது. பெரிய கூட்டம் இல்லை; வயர்லெஸ்ஸில் கேட்டவர்களில் பாதிப்பேர் அழைக்காமலே வந்தார்கள்.

காலையில் எழுந்ததும் பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். நான்கு கோடுகள். எல்லாம் ஒழுங்கு. வைத்துவிட்டேன். முற்றத்தில் ஷகூர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காயும் பாகும் கிண்டி நேற்று விருந்துக்குச் செய்த ஹுனி போந்தியில் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. பாதியாக நறுக்கித் தட்டில் வைத்து, டீயோடு அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பவில்லை.

"இது சோதனையா?"

"இல்ல. சாப்பிடுங்க. பாதிதான்."

கண்ணை மூடி மென்றார். நான் எதிரே உட்கார்ந்து ரொஷியைப் பிய்த்தேன். டீக் குவளைகளைக் கழுவி வைப்பதற்குள், லீவு நாள் என்றும் பாராமல் யும்னாவிடமிருந்து செய்தி வந்தது:

"தத்தா, உங்க வீட்டுல யாரோ இனிப்பு சாப்பிடுறாங்க. யாரு கொடுத்தாங்கன்னு கொஞ்சம் விசாரிங்க."